ரெட் நோட்டீஸ்: யார் சொல்லி யாரைப் பிடிப்பது?

ஒசாமா பின்லேடனைப் பிடித்துத் தரும்படி இன்டர்போலிடம் முதன்முதலில் கேட்ட நாடு லிபியா. 1994 மார்ச்சில் சிர்த் நகரில் ஜெர்மன் உளவுத்துறையைச் சேர்ந்த ஒருவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டனர். அந்தக் கொலை வழக்கில் பின்லேடனைச் சேர்த்து கடாஃபியின் அரசு விண்ணப்பம் அனுப்பியது. 1998 ஏப்ரலில், தேடப்படுபவரைப் பிடிக்கக் கோரும் ரெட் நோட்டீஸ் வெளியானது. லிபியாவே அப்போது ஐநா தடையின்கீழ் இருந்தது. லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் தேடப்பட்ட இருவரை ஒப்படைக்க மறுத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட அரசு நீட்டிய தாளை மேற்கு நாடுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நோட்டீஸை மதித்திருந்தால் அந்தக் குண்டுகள் வெடித்திருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பின்லேடன் தாலிபான் பாதுகாப்பில் ஆப்கானிஸ்தானில் இருந்தார். அங்கே போய்ப் பிடிக்க எந்தப் போலீசாலும் ஆகியிருக்காது. ஆனாலும் இந்தச் சம்பவம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. நாடுகள் தங்களுக்குள் குற்றத் தகவலைப் பரிமாறும்போது, என்ன சொல்லப்படுகிறது என்பதைவிட யார் சொல்கிறார் என்பதற்கே எடை அதிகம். பொய் சொல்லிப் பழகிய அரசு சில வேளை உண்மை சொல்லிவிடுகிறது. ஒழுங்கான அரசும் சில வேளை பிழையான பெயரைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறது. இன்டர்போல் நூறாண்டாக இந்தச் சிக்கலோடுதான் குடித்தனம் நடத்துகிறது. தகவலை அனுப்பும் வேகத்தைக் கூட்ட அது காட்டிய அக்கறையில் கால்வாசியைக்கூட அந்தத் தகவலைச் சரிபார்க்கக் காட்டவில்லை என்பதே என் கணிப்பு.

‘இன்டர்போல் போலீசார் கைது செய்தனர்’ என்று நம் செய்தித்தாள்களில் இன்றும் படிக்கிறோம். இன்டர்போலுக்கென்று கைது செய்யும் போலீசார் யாரும் கிடையாது. பிரான்சின் லியோன் நகரில், ரோன் ஆற்றங்கரையில் ஒரு தலைமைச் செயலகம். ஆயிரம் பேர் அளவில் ஊழியர்கள். 196 உறுப்பு நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு அரசே நடத்தும் ஒரு தேசிய மையப் பணியகம். இவ்வளவுதான் அமைப்பு. இந்தியாவில் அந்தப் பணியகம் சிபிஐ வசம் இருக்கிறது. ஒரு நாட்டுப் பணியகம் கேட்கும். லியோன் அதை மற்ற 195 நாடுகளுக்கும் அறிவிக்கும். பிடிப்பதா விடுவதா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு.

நோட்டீஸ்களுக்கு நிறம் உண்டு. காணாமல் போனவர்களைத் தேட மஞ்சள், அடையாளம் தெரியாத பிணங்களுக்குக் கறுப்பு, ஒருவரைப் பற்றித் தகவல் திரட்ட நீலம். 2025 ஜனவரியில் குற்றச் சொத்துகளைத் தேடும் வெள்ளி நோட்டீஸ் சோதனை முறையில் நடப்புக்கு வந்தது. முதல் விண்ணப்பம் இத்தாலியிடமிருந்து, ஒரு மாஃபியாக்காரரின் சொத்து பற்றி வந்தது. வழக்கறிஞர்களுக்குப் பிழைப்பும் தேடப்படுபவர்களுக்குத் தூக்கமின்மையும் தருவது சிவப்புதான். தாளின் மூலையில் சிவப்புச் சதுரம் இருந்ததால் நம் ஊர்ப் பத்திரிகைகள் அதை ‘ரெட் கார்னர் நோட்டீஸ்’ என்றே எழுதிப் பழகிவிட்டன.

ரெட் நோட்டீஸ் கேட்கச் சில நிபந்தனைகள் உண்டு. உள்நாட்டு நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அமைப்போ பிறப்பித்த கைது ஆணை இருக்க வேண்டும். விசாரணைக்காகத் தேடுவதென்றால், அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும். தண்டனை பெற்றுத் தப்பியவர் என்றால், இன்னும் 6 மாதமாவது அனுபவிக்க மிச்சம் இருக்க வேண்டும். தனிநபர்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் தகராறுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே அமைப்பின் சாசனத்து மூன்றாம் பிரிவு நிற்கிறது. அரசியல், இராணுவ, மத, இன இயல்புள்ள எந்த விவகாரத்திலும் இன்டர்போல் தலையிடுவதை அது அறவே தடை செய்கிறது.

இத்தனை வேலி இருந்தும் பயிர் மேயப்படுவது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெர்லினுக்குப் போன கோப்புகள்

1914 ஏப்ரலில் மொனாக்கோவில் 24 நாடுகளின் போலீஸ் அதிகாரிகளும் சட்ட வல்லுநர்களும் கூடிப் பேசியதுதான் தொடக்கம். குற்றவாளி ரயிலேறி எல்லை தாண்டுகிறான், போலீஸ்காரர் எல்லையில் நின்றுவிடுகிறார் என்பதுதான் அவர்கள் கவலை. போர் குறுக்கிட்டது. 1923-ல் வியன்னா போலீஸ் தலைவர் யோகான் ஷோபர் முயற்சியில் சர்வதேசக் குற்றப் போலீஸ் ஆணையம் பிறந்தது. கள்ளநோட்டு அடிப்பவர், போலிப் பாஸ்போர்ட் தயாரிப்பவர், ஊர் ஊராகத் திருடுபவர் ஆகியோரின் அட்டைகள் வியன்னாவில் குவிந்தன. 1930-களில் அங்கே ரோமா மக்களைப் பற்றிய தனி மையமும் இருந்தது. ஓர் இனத்தையே சந்தேகப் பட்டியலில் வைக்கும் வழக்கத்தை நாஜிகள் புதிதாகக் கொண்டுவரவில்லை. தயாராக இருந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் ஆணையமும் அவர்கள் கைக்குப் போனது. 1940-ல் தலைவர் பதவியில் உட்கார்ந்தவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிக். அலுவலகம் பெர்லினின் வான்சே பகுதிக்கு மாறியது. அவருக்குப் பின் வந்த எர்ன்ஸ்ட் கால்டன்புருன்னர் 1946-ல் நூரம்பர்க் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டார். யூத இனப் படுகொலையை நடத்தியவர்களின் மேசையில்தான் ஐரோப்பாவின் குற்றவாளிப் பட்டியலும் இருந்தது. பல நாட்டுப் போலீஸ் நல்லெண்ணத்தோடு அனுப்பிய தகவல்கள் அவை. ஒரு பெட்டகத்தில் தகவலைச் சேர்ப்பவர், நாளை அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதற்கு உறுதி தர முடியாது.

1946-ல் பிரஸ்ஸல்ஸில் அமைப்பு மறுபடி உயிர்பெற்று, பாரிஸுக்கு இடம் மாறியது. ‘இன்டர்போல்’ என்பது அப்போது தந்தி முகவரியாக வந்த சுருக்கப் பெயர். நிற நோட்டீஸ்களும் அந்தக் காலத்தவையே. ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாகத் தேடப்பட்ட ரஷ்யருக்காக 1947-ல் முதல் ரெட் நோட்டீஸ் வெளியானது.

அதன் பின் மூன்றே ஆண்டில் முதல் பெரிய சர்ச்சை. 1950 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கிய விமான நிறுவனத்தின் மூன்று விமானங்கள், ஒரே நாளில், மியூனிக் அருகே இருந்த அமெரிக்க இராணுவத் தளத்துக்குத் திருப்பப்பட்டன. கம்யூனிச ஆட்சியிலிருந்து தப்பி ஓட சில விமானிகளும் பயணிகளும் போட்ட திட்டம் அது. பிராக் அரசு அவர்களைக் கடத்தல்காரர்கள் என்று சொல்லி இன்டர்போலிடம் நோட்டீஸ் கேட்டது, கிடைத்தது. அமெரிக்கா அவர்களை அகதிகளாகப் பார்த்தது. எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவர் கடுப்பாகி, தம் துறையை இன்டர்போலிலிருந்தே விலக்கிக்கொண்டார். அமெரிக்கா முறைப்படி திரும்பி வர 1958 ஆனது.

1956-ல் வியன்னாவில் ஏற்கப்பட்ட சாசனத்தின் மூன்றாம் பிரிவை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். அரசியல் வேண்டாம் என்று எழுதியதில் கொள்கையும் இருந்தது, உடைந்துபோய்விடுவோம் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் விபரீதமாகவும் போனது. நாஜிப் போர்க் குற்றவாளிகளைத் தேடுவதுகூட அரசியல் விவகாரம் என்று பல ஆண்டு ஒதுங்கியது இன்டர்போல். பயங்கரவாதத்தையும் அப்படியே ஒதுக்கியது. 1984-ல் லக்சம்பர்க்கில் கூடிய பொதுச்சபைதான் அந்தக் கதவைத் திறந்தது. செயலில் அரசியல் மேலோங்கி நிற்கிறதா, குற்றம் மேலோங்கி நிற்கிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் எடைபோட வேண்டும் என்பது புதிய விதி. நல்ல விதிதான். எடைபோடக் கோப்பைப் படிக்க ஆளும் நேரமும் வேண்டும்; அதுதான் பின்னால் பற்றாக்குறை ஆனது.

வேகம் வந்த கதை

2000-ல் தலைமைச் செயலராக வந்த அமெரிக்கர் ரொனால்ட் நோபல், தாம் கண்ட இன்டர்போலை ஒரு தூங்குமூஞ்சி அலுவலகமாகவே விவரித்தார். நோட்டீஸ்கள் தபாலில் போயின. இரவிலும் விடுமுறையிலும் அலுவலகம் இயங்கவில்லை. 2001 செப்டம்பர் 11 எல்லாவற்றையும் மாற்றியது. அன்று முதல் 24 மணி நேர வேலை. அடுத்த ஆண்டு உறுப்பு நாடுகளை இணைக்கும் பாதுகாப்பான கணினி வலையமைப்பு வந்தது. தொலைந்த, திருடப்பட்ட பாஸ்போர்ட்டுகளின் பட்டியலும் வந்தது. கேட்பது எளிதானதும் கேட்பவர்கள் பெருகினர். 2001-ல் வெளியான ரெட் நோட்டீஸ் 1,418. 2016-ல் அது 12,878. பதினைந்து ஆண்டில் ஒன்பது மடங்கு. நடப்பில் இருக்கும் நோட்டீஸ்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வரும். மற்றவை போலீஸ் கணினிக்குள்ளேயே கிடக்கும். தன் பெயர் அதில் இருப்பது பலருக்கு விமான நிலையத்தில்தான் தெரிகிறது.

இதற்கு ‘டிஃப்யூஷன்’ என்று ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. ஒரு நாட்டுப் பணியகம் தனக்கு வேண்டிய நாடுகளுக்கு நேராகவே அனுப்பும் செய்தி அது. நோட்டீஸ் போல முழுச் சடங்கு கிடையாது. பல ஆண்டுகளாக அந்தச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்துவிடும். லியோனின் சரிபார்ப்பு பின்னால் வரும். உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், ரஷ்யா நேரடியாக அனுப்பும் உரிமையை இன்டர்போல் நிறுத்தியது. அதன் செய்திகள் தலைமைச் செயலகத்தின் சரிபார்ப்புக்குப் பிறகே போகும் என்றது. ஒரு நாட்டுக்குச் செய்ய முடிந்தது மற்ற நாடுகளுக்கும் முடியாத காரியம் இல்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ரெட் நோட்டீஸ் ஒரு கைது ஆணை இல்லை என்று இன்டர்போலே சொல்கிறது. அமெரிக்க நீதித்துறை, வெறும் நோட்டீஸை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது என்பதைத் தன் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டனிலும் அப்படியே. ஆனால் பல நாடுகளின் சட்டம் அதைத் தற்காலிகக் கைதுக்கான கோரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரே தாள் ஓரிடத்தில் வெறும் தகவல், இன்னோரிடத்தில் வாரண்ட். எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்தது நம் சுதந்திரம்.

மெல்போர்னிலிருந்து பாங்காக் வரை

ஹகீம் அல்-அரைபி பஹ்ரைன் தேசிய அணிக்கு ஆடிய கால்பந்து வீரர். 2012 நவம்பரில் ஒரு காவல் நிலையம் தாக்கப்பட்ட வழக்கில் அவரைப் பிடித்துச் சேர்த்தார்கள். அந்த மாலை தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான ஆட்டத்தில் தாம் ஆடிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். காவலில் சித்திரவதை நடந்ததாகவும் சொன்னார். 2014-ல் நாட்டை விட்டு வெளியேறினார்; அவர் இல்லாமலேயே 10 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. 2017-ல் ஆஸ்திரேலியா அவரை அகதியாக ஏற்றது. மெல்போர்னில் ஓர் உள்ளூர் அணிக்கு ஆடிவந்தார். இதற்கிடையே, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பஹ்ரைன் அரச குடும்பத்தவரைப் பகிரங்கமாக விமர்சித்திருந்தார்.

2018 நவம்பர் 27. புதிதாகக் கல்யாணமான ஹகீம், மனைவியோடு தேனிலவுக்கு பாங்காக் புறப்பட்டார். சில வாரங்களுக்கு முன்புதான் பஹ்ரைன் கேட்டு ஒரு ரெட் நோட்டீஸ் வெளியாகியிருந்தது. எந்த நாட்டிடமிருந்து தப்பி ஒருவர் அகதி ஆனாரோ, அந்த நாடே அவர்மீது நோட்டீஸ் கேட்டால் தருவதில்லை என்று இன்டர்போல் ஏற்கெனவே கொள்கை வகுத்திருந்தது. ஆனால் ஒருவர் அகதியா என்பது லியோனுக்குத் தெரியாது. அடைக்கலம் தந்த நாடு சொன்னால்தான் தெரியும். ஹகீம் பயணம் போகிறார் என்றதும் ஆஸ்திரேலியாவின் கணினி நோட்டீஸோடு பெயரைப் பொருத்திப் பார்த்துக் எச்சரிக்கை எழுப்பியது. ஆஸ்திரேலியப் பெடரல் போலீசில் இயங்கும் இன்டர்போல் பணியகம், ஆள் வருகிறார் என்று தாய்லாந்துக்குத் தகவல் கொடுத்தது. அவருக்கு அடைக்கல விசா இருப்பது அதே நாட்டின் எல்லைப் படைக்குத் தெரியும். எல்லைப் படை அதைப் போலீசுக்குச் சொல்லவில்லை. மனிதத் தவறு என்று பின்னால் செனட் குழு முன் ஒப்புக்கொண்டார்கள்.

பாங்காக்கில் இறங்கியதுமே பிடித்துக்கொண்டார்கள். மூன்றே நாளில், நவம்பர் 30 அன்று, இன்டர்போல் நோட்டீஸை ரத்து செய்தது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆள் இப்போது தாய்லாந்தின் காவலில்; பஹ்ரைன் தனியாக ஒப்படைப்புக் கோரிக்கை அனுப்பிவிட்டது. 2019 பிப்ரவரி 4 அன்று காலில் விலங்கோடு, செருப்பில்லாமல் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன காட்சியை உலகம் பார்த்தது. ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் கிரெய்க் ஃபாஸ்டர் நடத்திய பிரச்சாரமும், கால்பந்து உலகின் நெருக்கடியும், ஆஸ்திரேலிய அரசின் தலையீடும் சேர்ந்தபிறகு, பிப்ரவரி 11 அன்று விடுதலை. மொத்தம் 76 நாள்.

இதில் சர்வாதிகார அரசு செய்தது ஒரு விண்ணப்பம் அனுப்பியது மட்டுமே. மற்றதையெல்லாம் செய்தது ஒரு ஜனநாயக நாட்டின் நன்றாக இயங்கும் அதிகார இயந்திரம். கணினி பிழை செய்யவில்லை. சொன்னபடி பெயரைப் பொருத்தியது. போலீஸ் கடமை தவறவில்லை. வந்த தகவலை முன்னே தள்ளியது. ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் போகவில்லை. பெயர் தெரிந்த கால்பந்து வீரர் என்பதால் ஊர் கூடியது. ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு இது நேர்ந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்?

அரசியல் பகை இல்லாத வழக்கிலும் இந்தச் சிக்கல் எழும். அமெரிக்கா கேட்டு 2012-ல் ஒரு ஜெர்மானியர்மீது ரெட் நோட்டீஸ் வெளியானது. அதே விவகாரத்தை மியூனிக் அரசு வழக்கறிஞர்கள் 2010-லேயே பணம் கட்டச் சொல்லி முடித்து வைத்திருந்தார்கள். ஆனாலும் அவர் ஜெர்மனியை விட்டுப் பக்கத்து நாட்டுக்குக் கால் வைக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். ஒரே குற்றத்துக்கு இருமுறை வழக்கு கூடாது என்பது இறுதித் தீர்ப்பால் உறுதியாகியிருந்தால், நோட்டீஸைக் காட்டிக் கைது செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 மே மாதம் சொன்னது.

பாஸ்போர்ட் பட்டியலின் கதை இன்னும் விசித்திரம். 2014-ல் மறைந்துபோன மலேசிய விமானம் எம்எச்370-ல், திருடப்பட்ட ஆஸ்திரிய, இத்தாலியப் பாஸ்போர்ட்டுகளில் இருவர் ஏறியிருந்தார்கள். அந்த இரண்டு எண்களும் இன்டர்போல் பட்டியலில் இருந்தன. 4 கோடிப் பதிவுகள் கொண்ட அந்தப் பட்டியலை மலேசியா பார்க்கவே இல்லை. பயங்கரவாதிகளோ என்று உலகமே பதறியது. ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் புறப்பட்ட ஈரானியர்கள் என்று பின்னர் தெரிந்தது. இது தகவல் இருந்தும் பார்க்காத கதை. பார்க்கத் தொடங்கினால் வருவது வேறு கதை. 2016-ல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்ற பிறகு, துருக்கி தன் எதிரிகளின் பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக ரத்து செய்து இந்தப் பட்டியலில் ஏற்றத் தொடங்கியது. கூடைப்பந்து வீரர் எனெஸ் கான்டர் 2017 மே மாதம் புக்காரெஸ்ட் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டது, பாஸ்போர்ட்டைத் துருக்கி செல்லாததாக்கியதால்தான். ரெட் நோட்டீஸுக்கு ஒரு கைது ஆணையாவது காட்ட வேண்டும். பாஸ்போர்ட் ரத்துக்கு அதுகூட வேண்டியதில்லை.

டெல்லியின் இரண்டு முகம்

இந்தியா 1949-லிருந்து உறுப்பினர். பொதுச்சபை 1997-லும் 2022-லும் டெல்லியில் கூடியிருக்கிறது. மாநிலப் போலீஸ் ஒருவரைத் தேட வேண்டுமென்றால் சிபிஐ வழியாகத்தான் லியோனுக்குப் போக வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தைக் குறைக்க 2025 ஜனவரியில் ‘பாரத்போல்’ என்ற இணையவாயில் தொடங்கப்பட்டது.

இந்த அமைப்பால் இந்தியா ஏமாந்தும் இருக்கிறது, ஏமாற்றமும் அடைந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் தர்மசாலாவில் ஒரு மாநாட்டுக்கு வரவிருந்த உய்குர் தலைவர் டோல்குன் ஈசாவுக்குக் கொடுத்த விசாவை டெல்லி ரத்து செய்தது. சீனா கேட்டு வெளியான ரெட் நோட்டீஸ் அவர்மீது இருக்கிறது என்பதே சொன்ன காரணம். ஜெர்மன் குடியுரிமை பெற்று மியூனிக்கில் வெளிப்படையாக வாழ்ந்த மனிதர் அவர். ஜெர்மனி அந்த நோட்டீஸைச் சட்டை செய்யவில்லை. 2018 பிப்ரவரியில் இன்டர்போலே அதை நீக்கியது. சீனாவின் அண்டை நாடும் எதிர்த்தரப்புமான இந்தியா, அதன் தாளுக்குக் காட்டிய மரியாதை வேடிக்கையானது.

மறுபக்கம், மதப் போதகர் ஜாகிர் நாயக்குக்கு எதிராக இந்தியா கேட்ட நோட்டீஸை 2017-ல் இன்டர்போல் மறுத்தது; விண்ணப்பம் போன நேரத்தில் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை. பஞ்சாப் நேஷனல் வங்கியின் 13,000 கோடி ரூபாயைத் தாண்டிய மோசடி வழக்கில் வைர வியாபாரி மெகுல் சோக்சிமீது 2018 டிசம்பரில் கிடைத்த நோட்டீஸ், 2022 நவம்பரில் நீக்கப்பட்டது. 2021 மே மாதம் அவர் ஆன்டிகுவாவிலிருந்து மர்மமாக டொமினிகாவில் போய் முளைத்தார் அல்லவா, அது இந்தியாவுக்குக் கொண்டுவரும் நோக்கில் நடந்த கடத்தலாக இருக்க நம்பத்தகுந்த சாத்தியம் உண்டு என்று, இன்டர்போல் கோப்புகள்மீதான புகார்களை விசாரிக்கும் கோப்புக் கண்காணிப்பு ஆணையம் கருதியது. சிபிஐ அதைக் கடுமையாக மறுத்தது. இங்கே தொலைக்காட்சிகளில் பெரிய கூச்சல். ஆனால் 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் அவர் கைதானபோது, எந்த ரெட் நோட்டீஸும் நடப்பில் இல்லை. ஒப்படைப்பு ஒப்பந்தப்படி இந்தியா ஆவணங்களோடு கேட்டது, பெல்ஜியம் பிடித்தது, வழக்கு அங்கே நீதிமன்றத்தில், இரு தரப்பு வழக்கறிஞர்களோடு நடந்தது. பாதை நீளமானதுதான். ஒருவரை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்க வேண்டுமானால் அந்த நீளம் இருக்கத்தான் வேண்டும்.

ஒருவர் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்க உள்நாட்டில் போடும், நமக்குப் பழக்கமான லுக்-அவுட் சர்க்குலரோடு ஒப்பிட்டால் இன்டர்போலின் குறை பளிச்சென்று தெரியும். சர்க்குலரும் நிர்வாக ஆணைதான். நீதிபதியைக் கேட்காமலே போடலாம். ஆனால் தப்பாகப் போட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். கார்த்தி சிதம்பரம்மீது போடப்பட்ட சர்க்குலரைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஜூலையில் ரத்து செய்தது. பொதுத்துறை வங்கித் தலைவர்கள் கேட்டாலே சர்க்குலர் போடலாம் என்ற விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் செல்லாது என்றது. இன்டர்போல்மீது அப்படி வழக்குப் போட முடியாது. பிரான்சோடு செய்துகொண்ட தலைமையக ஒப்பந்தம் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. மிச்சம் இருக்கும் ஒரே வாசல், கோப்புக் கண்காணிப்பு ஆணையம்.

தலைவரைக் காணோம்

அந்த வாசலுக்குப் போகுமுன் வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டும். 2004 முதல் 2008 வரை தலைவராக இருந்த தென்னாப்பிரிக்காவின் ஜாக்கி செலிபி, ஊழலுக்காக 2010-ல் 15 ஆண்டு தண்டனை பெற்றார். 2016-ல் தலைவரான சீனப் பொதுப் பாதுகாப்புத் துணை அமைச்சர் மெங் ஹாங்வெய், 2018 செப்டம்பரில் ஊருக்குப் போனவர் காணாமலே போனார். லியோனில் இருந்த மனைவி பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. இன்டர்போல், ராஜினாமாக் கடிதம் வந்தது, ஏற்றுக்கொண்டோம் என்று முடித்துக்கொண்டது. லஞ்ச வழக்கில் மெங்குக்குப் பதின்மூன்றரை ஆண்டு சிறை. 2021-ல் தேர்வான அமீரகத்தின் அகமது நாசர் அல்-ரைசிமீது பிரான்சில் சித்திரவதைப் புகார்கள் இருந்தன. உறுப்பு நாடுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அமீரகப் பணம் பெற்ற ஓர் அறக்கட்டளை வழியாக 5 கோடி யூரோ தருவதாக உறுதி வந்த அமைப்பு அது. சர்வதேசக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவிடம் 2011-ல் 2 கோடி யூரோ நன்கொடைக்குக் கைநீட்டி, 2015-ல் அந்தச் சங்கத்தின் முன்னாள் நிர்வாகிகள்மீதே ரெட் நோட்டீஸ் போட நேர்ந்ததும் இதே இன்டர்போல்தான். 2024-ல் மால்டோவாவில், லஞ்சம் வாங்கி நோட்டீஸ்களைத் தடுக்கவும் அழிக்கவும் முயன்றதாகச் சிலர் கைதானார்கள். அப்பாவியின் பெயர் ஏறுவதும் குற்றவாளியின் பெயர் இறங்குவதும் ஒரே ஓட்டையின் இரண்டு பக்கம்.

சரிபார்ப்பு முன்னைவிடத் தேறியிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2016-ல் வழக்கறிஞர்களும் போலீசாரும் ஆய்வாளர்களும் கொண்ட தனிக்குழு அமைக்கப்பட்டு, ஒவ்வொரு ரெட் நோட்டீஸையும் வெளியிடுமுன் பார்க்கிறது. 2017-லிருந்து கண்காணிப்பு ஆணையத்தின் முடிவு தலைமைச் செயலகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் அந்த ஆணையத்தில் ஏழே பேர். முழுநேரப் பணி இல்லை. ஆண்டுக்குச் சில முறை லியோனில் கூடுகிறார்கள். பிள்ளைகளைக் கடத்துபவரும் போதைப்பொருள் கும்பல் தலைவரும் நோட்டீஸால் பிடிபடுகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் இதை இழுத்து மூடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொய்யாகக் கேட்ட நாடு எதையும் இழப்பதில்லை என்பதே கோளாறு. நோட்டீஸ் நீக்கப்பட்டால் அடுத்த மாதம் புதிதாகக் கேட்கலாம். ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை 2017-ல் ஒரு யோசனை சொன்னது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டு நிதி வேண்டும், நியாயமற்ற நோட்டீஸ் கேட்ட நாடுகள் எண்ணிக்கைக்கு ஏற்ப அதற்குப் பணம் கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான யோசனை வரவில்லை. நாடுவாரியாக எத்தனை விண்ணப்பம் தள்ளுபடியானது என்று வெளியிட்டாலே பாதி வெட்கம் வேலை செய்யும்.

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூர விவகாரம் இல்லை. வளைகுடாவில் வேலை பார்த்து, வங்கிக் கடனோ திரும்பிய காசோலையோ நிலுவையில் இருக்க ஊர் திரும்பியவர்கள் நம்மிடையே நிறைய. அமீரகமும் கத்தாரும் காசோலை வழக்குகளுக்காகப் பிறநாட்டவர்மீது இன்டர்போலை ஏவிய வரலாறு உண்டு. கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவதைப் பெரும்பாலும் குற்றப் பட்டியலிலிருந்து அமீரகம் 2022 ஜனவரியில் எடுத்துவிட்டது. பழைய பதிவுகள் தாமாக அழியும் என்று நம்பி இருக்க வேண்டாம். தம் பெயர் இருக்கிறதோ என்று சந்தேகிப்பவர் யாரானாலும் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, கட்டணமும் இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து, தகவல் கேட்டால் 4 மாதத்திலும், நீக்கக் கேட்டால் 9 மாதத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அடையாள அட்டையின் நகலையும் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைக்க வேண்டும். கடிதம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு ஆகிய நான்கில் ஒன்றில் இருக்க வேண்டும்.